வடு இருக்கிறது, அணு இல்லை: கேரளக் கடலோரத்தின் மர்ம இதய நோயும் நோய் எதிர்ப்பு அணு குறித்த புதிய ஆய்வுகளும்

கரமனை (திருவனந்தபுரம்): நாகர்கோவிலில் இருந்து சாலை வழியாகத் திருவனந்தபுரம் செல்வோர் களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் ஆகிய ஊர்களைக் கடந்து கரமனை ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் தலைநகருக்குள் நுழைந்துவிடுகின்றனர். தமிழ் அக்ரகாரத்துக்குப் பெயர்பெற்ற கரமனையை அடுத்துள்ளது பூஜப்புரை. அங்குள்ள சாட்டல்மண்ட் அரண்மனை வளாகத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிலையத்தின் உயிர்மருத்துவப் பிரிவு இயங்கி வருகிறது. நகரின் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள அந்நிலையத்தின் மருத்துவமனைக்கு இதய நோய், நரம்பு நோய் சிகிச்சைக்காகச் செல்லும் குமரி, நெல்லை மாவட்டத்தினர் ஏராளம்.

கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் அந்த மருத்துவமனைக்கு வந்த இதய நோயாளிகளில் ஒரு பிரிவினர் மருத்துவர்களைத் திகைக்க வைத்தனர். பெரும்பாலும் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த சிறுவர்களும் இளைஞர்களும். மெலிந்த உடல், ஒட்டிய கன்னம், நீர் கோத்துப் பானை போல் வீங்கிய வயிறு. வயிறு அவ்வளவு வீங்கியிருந்தும் கால்களில் வீக்கம் அந்த அளவுக்கு இருக்காது. இதய உட்சுவரில் தடித்த வெண்ணிற வடு படர்ந்து, கீழறைகளின் நுனியை அடைத்திருக்கும். மருத்துவர்கள் இதனை எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோஸிஸ் என்கின்றனர். இதய உட்சுவர் வடு நோய் எனத் தமிழில் கூறலாம்.

இந்த நோய்க்கு என்ன காரணம் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. ஆனால் சந்தேகப் பட்டியலில் தொடக்கம் முதலே இடம்பெற்றுள்ள பெயர்களில் ஒன்று ஈஸினோஃபில். நம் உடலைக் காக்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை அது. அந்த அணு இதயத்தில் என்ன செய்கிறது என்பது குறித்து 2017 முதல் வெளியாகி வரும் ஆய்வு முடிவுகள், அதனை முழுக் குற்றவாளியாகவும் காட்டவில்லை, முற்றிலும் விடுவிக்கவும் இல்லை.

தமிழகம் நன்கறிந்த அணு

ஈஸினோஃபில் என்ற பெயரைக் கேட்டு நம் ஊரில் யாரும் திகைப்பதில்லை. தும்மலும் இழுப்பும் நாள்பட்ட இருமலும் உள்ளவர்கள் தங்களுக்கு ‘ஈஸ்னோபீலியா’ இருப்பதாகச் சொல்வது தமிழகத்தில் சாதாரணம். உண்மையில் அது தனியொரு நோயின் பெயரன்று. ரத்தத்தில் அந்த அணுக்கள் கூடியுள்ளன என்பதைத் தெரிவிக்கும் சொல் மட்டுமே.

ஜெர்மானிய அறிவியலாளர் பால் எர்லிக் 1879-ல் இந்த அணுவை இனங்கண்டார். ஈஸின் எனும் செஞ்சாயத்தை இதன் உள்ளே இருக்கும் நுண்மணிகள் விரும்பி ஏற்றதால் இந்தப் பெயர் அமைந்தது. எலும்பு மஜ்ஜையில் உருவாகும் ஈஸினோஃபில், ரத்தத்தில் ஒரு நாளுக்கும் குறைவான நேரமே தங்கும். பிறகு குடல், தோல், நுரையீரல் போன்ற திசுக்களுக்குள் சென்றுவிடும். ஆரோக்கியமான ஒருவரின் வெள்ளணுக்களில் சில விழுக்காடு மட்டுமே இந்த வகை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் இருந்தால் மிகுதி என்றும், 1,500-ஐத் தாண்டினால் கடும் மிகுதி என்றும் மருத்துவர்கள் கணக்கிடுகின்றனர்.

உடலுக்குள் நுழையும் புழுக்கள் மற்ற வெள்ளணுக்கள் விழுங்கிவிட முடியாத அளவுக்குப் பெரியவை. எனவே ஈஸினோஃபில்கள் அவற்றைச் சூழ்ந்து, தம்முள் இருக்கும் நுண்மணிகளை வெளியே கொட்டுகின்றன. அந்த மணிகளில் உள்ள புரதங்கள் கடும் நச்சுத்தன்மை கொண்டவை. புழுவின் மேல்தோலைத் துளைக்கும் அதே புரதம், அருகில் உள்ள நம் சொந்தத் திசுவையும் அரிக்கக்கூடும்.

இதற்குத் தென்னிந்தியாவிலேயே பழைய சான்று உண்டு. 1940-ல் மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையைச் சேர்ந்த ஃப்ரிமோட் மோலரும் பார்ட்டனும், காசநோய் போலத் தோன்றினாலும் காசநோய் அல்லாத ஒரு நுரையீரல் பாதிப்பை விவரித்தனர். நோயாளிகளின் ரத்தத்தில் ஈஸினோஃபில் மிகுந்திருந்தது. பின்னர் வெப்பமண்டல ஈஸினோஃபீலியா எனப் பெயர்பெற்ற அந்நோய்க்கு, யானைக்கால் நோயை உண்டாக்கும் நுண்புழுக்களின் மீது உடல் காட்டும் மிகையான எதிர்ப்பே காரணம் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. புழுவைக் காட்டிலும் புழுவுக்கு எதிரான போர் நுரையீரலுக்கு அதிகத் தீங்கு செய்தது.

ஒரே வடு, இரண்டு நாடுகள்

இதயத்தின் கதை சுவிட்சர்லாந்தில் தொடங்குகிறது. 1936-ல் சூரிச் நகர மருத்துவர் வில்ஹெல்ம் லோஃப்லர், ரத்தத்தில் ஈஸினோஃபில் மிகுந்து இதய உட்சுவர் தடித்துப்போன நோயாளிகளைப் பற்றி எழுதினார். 1948-ல் உகாண்டாவில் ஜாக் டேவிஸ், அங்குள்ள மக்களிடம் காணப்பட்ட ஓர் இதய வடு நோயை விவரித்தார். பிறகு நைஜீரியா, மொசாம்பிக், ஐவரி கோஸ்ட், பிரேசில் என நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் இருந்து அதே போன்ற தகவல்கள் வந்தன. இந்தியாவில் அதிகம் பதிவானது கேரளத்தில்.

குளிர்நாட்டில் லோஃப்லர் கண்டதும் வெப்பநாட்டில் டேவிஸ் கண்டதும் ஒரே நோய்தானா? 1973-ல் பிராக்கிங்டன், ஓல்சன் ஆகிய பிரிட்டன் ஆய்வாளர்கள் இரு தரப்பு இதயத் திசுக்களையும் ஒப்பிட்டு, இவை ஒரே நோயின் வெவ்வேறு கட்டங்களாக இருக்கலாம் என்று வாதிட்டனர். முதலில் ஈஸினோஃபில்கள் இதயத் தசைக்குள் புகுந்து திசுவைச் சிதைக்கின்றன. அடுத்து, சிதைந்த உட்சுவரின் மீது ரத்தம் உறைந்து படிகிறது. இறுதியில் அந்த உறைகட்டி நாராக மாறி வடுவாக இறுகுகிறது. முதல் கட்டம் சில வாரங்கள். கடைசிக் கட்டம் ஆயுள் முழுவதும்.

இரண்டாம் கட்டத்துக்கான விளக்கமும் பின்னர் கிடைத்தது. ரத்தக் குழாய்களின் உட்பரப்பில் இருக்கும் த்ராம்போமாடுலின் எனும் புரதம், தேவையின்றி ரத்தம் உறையாமல் தடுக்கிறது. ஈஸினோஃபில் வெளியிடும் புரதங்கள் அதனைச் செயலிழக்கச் செய்வது ஆய்வகத்தில் நிறுவப்பட்டது. லோஃப்லர் வகை நோயாளிகளின் இதயத் திசுவில் ஈஸினோஃபில் புரதங்கள் படிந்திருப்பதை லண்டன் ஆய்வாளர்கள் 1987-ல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். லோஃப்லர் நோயைப் பொறுத்தவரை இன்று பெரிய ஐயம் எதுவும் இல்லை. கேரளத்தின் நோயில்தான் சிக்கல்.

பூஜப்புரையின் மாற்றுக் கருத்து

1976-ல் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கத் தொடங்கிய ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம், 1980-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. அதனைக் கட்டி எழுப்பியவர் மாவேலிக்கரையில் பிறந்த இதய அறுவை சிகிச்சை நிபுணர் எம்.எஸ். வலியத்தான். விலை மலிவான செயற்கை இதய வால்வை உள்நாட்டிலேயே உருவாக்கிய குழுவின் தலைவராகவே பலரும் அவரை அறிவர். 1990 டிசம்பரில் முதன்முதலில் நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்ட அந்த வால்வு பின்னர் சென்னையின் டி.டி.கே. குழுமத்தால் வணிக அளவில் தயாரிக்கப்பட்டது. ஆனால் வலியத்தானைப் பல்லாண்டு அலைக்கழித்த அறிவியல் கேள்வி இந்த வடு நோய்தான். வடுவை உரித்தெடுத்து, கசியும் வால்வை மாற்றும் கடினமான அறுவை சிகிச்சையை அவர் செய்து வந்தார். இதயங்களைத் திறந்து பார்த்தவருக்குக் காரணத்தையும் அறிய வேண்டும் என்ற முனைப்பு ஏற்பட்டதில் வியப்பில்லை.

ஈஸினோஃபில் கோட்பாட்டை அவரும் நோயியல் நிபுணர் சி.சி. கர்தாவும் எளிதில் ஏற்கவில்லை. முற்றிய நிலையில் வந்த கேரள நோயாளிகள் பலரின் ரத்தத்தில் அந்த அணுக்கள் குறிப்பிடும்படி மிகுந்திருக்கவில்லை. மறுபுறம், குடற்புழுத் தொல்லை பரவலாக இருந்த அக்காலத்தில், இதயத்தில் எந்தக் குறையும் இல்லாத பலரிடமும் எண்ணிக்கை கூடுதலாகவே இருந்தது. புழு எல்லோருக்கும் இருந்தது. வடு சிலருக்கே வந்தது. அப்படியானால் வேறொரு காரணி இருந்தாக வேண்டும்.

அவர்களின் பார்வை மண்ணின் மீது திரும்பியது. கொல்லம் மாவட்டத்தின் நீண்டகரை, சவறை முதல் குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி வரையிலான கடற்கரை மணலில் மோனசைட் கனிமம் செறிந்துள்ளது. அணுசக்திக்கான தோரியத்தின் மூலமாக அது அறியப்பட்டாலும், அதில் சீரியம் எனும் அருமண் தனிமமும் உண்டு. மண்ணில் இருந்து கிழங்குகளுக்கும், கிழங்கில் இருந்து மனிதருக்கும் சீரியம் செல்லக்கூடும். போதிய சத்துணவு இன்றி மெக்னீசியம் குறைந்த உடலில் அது இதயத்தைத் தாக்கக்கூடும் என்பது அவர்களின் கருதுகோள். 1989-ல் இதனை ஆய்விதழில் முன்வைத்தனர். நோய் மிகுந்த பகுதிகளில் விளைந்த கிழங்குகளில் சீரியம் அதிகம் இருப்பதை 1998-ல் வெளியான ஆய்வு காட்டியது. குறைந்த அளவு சீரியம், வடுவுக்கு அடிப்படையான கொலாஜன் நாரை உற்பத்தி செய்யுமாறு இதயத்தின் நார்த்திசு அணுக்களைத் தூண்டுவதையும் அதே நிலையத்தின் ஆய்வகம் 1992-ல் கண்டறிந்தது.

மரவள்ளிக் கிழங்கு திருவிதாங்கூர் ஏழைகளின் உணவானதற்கு ஒரு வரலாறு உண்டு. பஞ்ச காலத்தில் அரிசிக்கு மாற்றாக அதன் சாகுபடியைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. குமரி மாவட்டத்தில் இன்றும் மீன் குழம்புடன் கிழங்கு இல்லாத வீடு அரிது. எனவே ஒன்றைத் தெளிவுபடுத்துவது அவசியம்: மரவள்ளி உண்பவருக்கு இதய நோய் வரும் என்று அந்த ஆய்வாளர்கள் கூறவில்லை. வறுமை, சத்துக் குறைவு, குறிப்பிட்ட மண் ஆகியவை ஒன்றுசேரும்போது என்ன நேரும் என்பதே அவர்களின் கேள்வி.

காரணம் தெரியும் முன்னே

வாதம் முடிவதற்குள் நோயாளிகள் வருவது குறையத் தொடங்கியது. புதிய நோயாளிகள், குறிப்பாகக் குழந்தைகள், அரிதாயினர். வருவோரின் சராசரி வயது ஏறிக்கொண்டே போனது. அதாவது, இளமையில் ஏற்பட்ட வடுவுடன் வாழ்ந்து வருபவர்களே மருத்துவமனைக்கு வந்தனர். அந்நிலையத்தின் இதய நோய் நிபுணர் எஸ். சிவசங்கரன் 2009-ல் ‘ஹார்ட்’ இதழில் எழுதிய கட்டுரையில், மறைந்துவரும் ஒரு மர்மம் என இந்நோயை வருணித்தார்.

நோய் மறைந்த விதமே ஒரு சான்று. கடற்கரை மணல் அப்படியே இருக்கிறது. அதில் சீரியமும் இருக்கிறது. மாறியது மக்களின் வாழ்க்கை. கழிப்பறை, காலணி, தூய குடிநீர், நியாய விலைக் கடை அரிசி, குடற்புழு மாத்திரை, பள்ளிக்கூடம், வளைகுடா வேலை ஆகியவை ஒரு தலைமுறைக்குள் கேரளத்தின் ஏழை வீடுகளை மாற்றின. இது சீரியம் கோட்பாட்டைப் பொய்யாக்கிவிடவில்லை. உணவு மேம்பட்டதும் மெக்னீசியம் குறைபாடு நீங்கியிருக்கலாம், கிழங்கைச் சார்ந்திருப்பது குறைந்திருக்கலாம். ஆனால் புழுத்தொற்று குறைந்ததும் நோய் குறைந்ததும் ஒரே காலத்தில் நிகழ்ந்தது, ஈஸினோஃபிலை மீண்டும் சந்தேக வளையத்துக்குள் கொண்டுவருகிறது. 1999-ல் உகாண்டாவில் நடத்தப்பட்ட ஆய்வும் வறுமை, ஈஸினோஃபில் மிகுதி ஆகிய இரண்டையும் இந்நோயின் அபாயக் காரணிகளாகச் சுட்டியது.

முற்றிய நோயாளியின் ரத்தத்தில் அணு மிகுந்திருக்கவில்லை என்ற மறுப்புக்கு எளிய பதில் ஒன்று உண்டு. ஈஸினோஃபிலின் வேலை தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது என்றால், பத்தாண்டுகள் கழித்து எடுக்கும் ரத்தத்தில் அதனைத் தேடுவதில் பயனில்லை. வடு இருக்கும், அணு இருக்காது. இந்த வாதம் கவர்ச்சியானது. ஆனால் சான்று இல்லாததையே சான்றாக்கும் ஆபத்து அதில் இருப்பதையும் மறுப்பதற்கில்லை. எலிகளிலும் உயிரணுக்களிலும் மேற்கொள்ளப்படும் புதிய ஆய்வுகள் இந்த இடத்தில்தான் முக்கியத்துவம் பெறுகின்றன.

அதே அணு, எதிரெதிர் முடிவுகள்

2017-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இதயத் தசை அழற்சி ஏற்படுத்தப்பட்ட எலிகளில் ஈஸினோஃபிலின் பங்கை ஆராய்ந்தனர். ஈஸினோஃபில் இல்லாத எலிகளுக்கும் அழற்சி வந்தது. அதன் கடுமையும் குறையவில்லை. ஆனால் பிந்தைய கட்டத்தில், மற்ற எலிகளின் இதயம் விரிந்து தளர்ந்தபோது, இந்த எலிகளின் இதயம் தப்பியது. ஈஸினோஃபில்கள் இருந்தும் அவற்றால் ஐ.எல்-4 எனும் செய்திப் புரதத்தைச் சுரக்க முடியாதபோதும் இதயம் காக்கப்பட்டது. நோய் தொடங்குவதற்கு அந்த அணு தேவைப்படவில்லை, நோய் முற்றுவதற்குத்தான் தேவைப்பட்டது என்பது இதன் பொருள்.

மூன்றாண்டுகள் கழித்து நேரெதிரான செய்தி வந்தது. 2020-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலும் ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலும் இருவேறு குழுக்கள் மாரடைப்புக்குப் பிந்தைய நிலையை ஆராய்ந்தன. ஈஸினோஃபில் இல்லாத எலிகளின் இதயம் மோசமாகவே ஆறியது; வடு சரிவர அமையவில்லை. மாரடைப்பால் மருத்துவமனையில் சேர்ந்த மனிதர்களின் ரத்தத்தில் அந்த அணுக்கள் உடனடியாகக் குறைவதையும் எடின்பரோ குழு கண்டது. பாதிக்கப்பட்ட இதயத்தை நோக்கி அவை விரைவது இதற்குக் காரணமாக இருக்கலாம். அங்கு அவை இதயத் தசை அணுக்கள் இறப்பதைத் தடுத்து, நார்த்திசுவின் மிகை வளர்ச்சியையும் கட்டுப்படுத்துவதாக பாஸ்டன் குழு தெரிவித்தது. அதற்கு அவை பயன்படுத்திய செய்திப் புரதங்களில் ஒன்று எது தெரியுமா? அதே ஐ.எல்-4.

ஓரிடத்தில் இதயத்தை அழிக்கும் அதே சமிக்ஞை மற்றோர் இடத்தில் இதயத்தைக் காப்பது முரண்பாடாகத் தோன்றலாம். மாரடைப்பு என்பது ஒருமுறை நிகழும் காயம். அணுக்கள் வந்து, சீர்செய்து, சில நாட்களில் விலகிவிடுகின்றன. அழற்சியோ முடிவின்றித் தொடர்வது, அணுக்கள் விலகுவதில்லை. வந்து போகும் கொத்தனாருக்கும் வீட்டிலேயே தங்கி நாள்தோறும் சுவரெழுப்பிக்கொண்டிருக்கும் கொத்தனாருக்கும் உள்ள வேறுபாடு எனக் கொள்ளலாம். ஆண்டுக்கணக்கில் புழுத்தொற்றுக்கு ஆளான கேரளச் சிறுவனின் உடலில் எந்தக் கொத்தனார் இருந்தார் என்பதே கேள்வி. இவை எலிகளில் கிடைத்த முடிவுகள் என்பதையும், கேரள நோயை இவை நேரடியாக ஆராயவில்லை என்பதையும் வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

சிகிச்சைக்கு வந்த பயன்

ஆய்வகச் சர்ச்சை ஒருபுறம் இருக்க, காரணம் தெளிவாகத் தெரிந்த ஈஸினோஃபில் நோய்களில் மருத்துவம் வெகுவாக முன்னேறியுள்ளது. சிலருக்கு எலும்பு மஜ்ஜையில் இரு மரபணுக்கள் தவறாக ஒட்டிக்கொள்வதால் ஈஸினோஃபில் கட்டுக்கடங்காமல் பெருகுவது 2003-ல் கண்டறியப்பட்டது. ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படும் இமாடினிப் மாத்திரை இவர்களிடம் மிகச் சிறப்பாக வேலை செய்கிறது. ஈஸினோஃபில் உற்பத்தியைத் தூண்டும் ஐ.எல்-5 புரதத்தைத் தடுக்கும் மெபோலிசுமாப் ஊசி மருந்துக்கு, கடும் ஈஸினோஃபில் மிகுதி நோய்க்கான ஒப்புதலை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் வழங்கியது. வடு உருவாகும் முன் இவற்றைத் தொடங்கினால் மட்டுமே இதயத்துக்குப் பயன். இறுகிவிட்ட வடுவை இந்த மருந்துகள் கரைப்பதில்லை.

வடுவையே குறிவைக்கும் முயற்சியும் தொடங்கியுள்ளது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு 2022-ல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டது. கொரோனா தடுப்பூசிகளில் பயன்பட்ட எம்.ஆர்.என்.ஏ. தொழில்நுட்பத்தின் மூலம், எலியின் உடலுக்குள்ளேயே டி அணுக்களுக்குத் தற்காலிகமாகப் புதிய கட்டளை அளிக்கப்பட்டது. வடுவை உற்பத்தி செய்யும் நார்த்திசு அணுக்களை அவை தேடிச் சென்று அழித்தன. இதய வடு குறைந்து, இதயத்தின் இயக்கம் மேம்பட்டது. வடுவை உண்டாக்கியதாகச் சந்தேகிக்கப்படும் நோய் எதிர்ப்பு அணுக்களின் குடும்பத்தில் இருந்தே வடுவை நீக்கும் அணுவும் எடுக்கப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. மனிதருக்கு இது எப்போது வரும் என்று இப்போது கூற இயலாது.

பரிசோதனை அறிக்கையில் எண்ணிக்கை கூடினால்

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஈஸினோஃபில் எண்ணிக்கை சற்றுக் கூடியிருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஒவ்வாமை, ஆஸ்துமா, குடற்புழு, சில மருந்துகள் ஆகியவையே பெரும்பாலும் காரணம். காரணத்துக்கு உரிய சிகிச்சை அளித்தால் எண்ணிக்கை தானே இறங்கும். ஆனால் 1,500-க்கு மேல் உயர்ந்து, வாரக்கணக்கில் இறங்காமல் இருந்தால், இருமல் மருந்துடன் திருப்தி அடையக்கூடாது. மூச்சுத் திணறலோ கால் வீக்கமோ நெஞ்சுப் படபடப்போ இல்லாவிட்டாலும் எக்கோ பரிசோதனை மூலம் இதயத்தைப் பார்ப்பது நல்லது. ஏனெனில் முதல் கட்டச் சிதைவு சத்தமின்றியே நடக்கும்.

மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. எண்ணிக்கையைக் குறைக்கிறேன் என்று ஸ்டீராய்டு மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குவது ஆபத்தானது. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் எனும் குடற்புழு உடலுக்குள் பல்லாண்டுகள் மறைந்து வாழக்கூடியது. மலப் பரிசோதனையில் தப்பிவிடுவதும் உண்டு. வெறுங்காலுடன் ஈர மண்ணில் நடப்பவரின் தோல் வழியே அது நுழைகிறது. ஸ்டீராய்டு நோய் எதிர்ப்பைத் தளர்த்தியதும் அது கட்டுமீறிப் பெருகி உயிரைப் பறிக்கக்கூடும். அதனால்தான் மருத்துவர்கள் ஸ்டீராய்டு தொடங்கும் முன் புழு உள்ளதா என்று பார்க்கின்றனர், ஐயம் இருந்தால் முன்கூட்டியே புழு மருந்து கொடுத்துவிடுகின்றனர்.

மொசாம்பிக்கில் எஞ்சிய கேள்வி

கேரளத்தில் அரிதாகிவிட்ட நோய் உலகை விட்டுப் போய்விடவில்லை. மொசாம்பிக் நாட்டின் இதய நோய் நிபுணர் அனா ஓல்கா மொகும்பி தலைமையிலான குழு, அங்குள்ள இன்யாரிமே எனும் கடலோர ஊரகப் பகுதியில் 1,063 பேருக்கு எக்கோ பரிசோதனை நடத்தி, 2008-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் முடிவுகளை வெளியிட்டது. அவர்களில் 211 பேருக்கு, அதாவது ஐவரில் ஒருவருக்கு, இந்த நோயின் அடையாளம் இருந்தது. பத்து முதல் 19 வயதுக்கு உட்பட்டோரிடம் அது 28.1 விழுக்காடு. பாதிப்பு கண்டறியப்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோருக்கு எந்த அறிகுறியும் இல்லை.

அறிகுறி இல்லாத அந்தக் கட்டத்தைக் கேரளம் போதிய அளவு பார்க்கவே இல்லை. எக்கோ கருவிகள் பரவலாவதற்கு முன்பே இங்கு நோயின் உச்சக் காலம் கடந்துவிட்டது. வயிறு வீங்கிய பிறகு வந்த நோயாளிகளையும், அறுவை அரங்கில் உரித்தெடுத்த வடுக்களையும், பிணக்கூறாய்வில் கிடைத்த இதயங்களையும் கொண்டே திருவனந்தபுரத்தின் ஆய்வாளர்கள் பின்னோக்கிச் சென்று காரணத்தை ஊகிக்க வேண்டியிருந்தது. சீரியம் கோட்பாடும் ஈஸினோஃபில் மறுப்பும் அந்தக் கட்டாயத்தில் பிறந்தவையே.

வலியத்தான் 2024 ஜூலை 17 அன்று தமது 90-வது வயதில் மணிப்பாலில் காலமானார். தம் பணிக்காலத்தில் அவர் விடை கண்டுவிட விரும்பிய கேள்விக்கு, வடு இன்னும் இறுகாத ஒரு மொசாம்பிக் சிறுவனின் ரத்தத்திலும் திசுவிலும் விடை கிடைக்கக்கூடும்.